ஒரிஜினல் பாகத்தில் இருந்து பைபர் அச்சு எடுப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அங்கே வருபவர்கள் கொண்டுவரும் பொதி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பழைய பத்திரிகையைப் பிரித்தால் உள்ளே ஏதாவது பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளின் பக்கக் கவர் இருக்கும். வண்டியில் பூட்டும் காது ஒன்று உடைந்திருக்கும், நடுவில் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். "பஞ்சிகாவத்தை முழுக்க ஏறி இறங்கிட்டேன் அண்ணா. வலது பக்கம் இருக்கு, இடது பக்கம் இல்ல" என்பார்கள்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மறுபடி திறக்கும் வரை, இந்த ஊரில் பழைய வண்டிகளைத்தான் தட்டி ஒட்டி ஓட்டினோம். இறக்குமதி திறந்த பிறகும் முப்பது வருடப் பழைய மோட்டார் சைக்கிளுக்கு யாரும் கவர் செய்து அனுப்பப் போவதில்லை. அதனால் கண்ணாடி நாரும் ரெசின் என்ற இறுகும் திரவமும் வைத்துச் செய்யும் பைபர் அச்சு எடுக்கத் தெரிந்திருப்பது உண்மையிலேயே பயன்படும் வேலை. ஒரு நல்ல அச்சு இருந்தால் பல பத்துப் பிரதிகள் எடுக்கலாம். உங்களுக்கு ஒன்று, உங்களைப் போலவே தேடி அலைகிற இன்னும் பத்துப் பேருக்குப் பத்து.

பக்கக் கவரையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். அது சின்னது, ஆழம் குறைவு, செலவும் குறைவு. முதல் வேலையே பம்பரில் தொடங்கினால் பாதியில் மனம் விட்டுப் போகும்.

தொடங்குமுன் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் கையில் இருக்கும் ஒரிஜினல் மறுபடி கிடைக்காது. அச்சு பிழைத்தால் இன்னொரு அச்சு எடுக்கலாம். ஒரிஜினல் அச்சுக்குள் ஒட்டிப் போனால் இரண்டும் போய்விடும். கீழே நான் சொல்கிற ஒவ்வொரு நாள் தாமதமும் அந்தப் பாகத்தை முழுசாக வெளியே எடுப்பதற்காகத்தான்.

முதலில் பாகத்தைப் பாருங்கள்

வலது கவர் நன்றாக இருக்கிறது, அதில் அச்சு எடுத்து இடது கவர் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. வலது கவரின் அச்சில் வலது கவர்தான் வரும். இடது பக்கம் தேவை என்றால் உடைந்த இடது கவரையே திருத்தி, அதில்தான் அச்சு எடுக்க வேண்டும். அந்தக் கவர் வண்டியில் பூட்டுகிற அளவுக்குப் பலமாக இருக்கத் தேவையில்லை. வெளிப்பக்கத்து உருவம் சரியாக இருந்தால் போதும். உள்பக்கமாக இரண்டு துண்டு பைபர் வைத்து ஒட்டி, வெளிப்பக்கத்துக்குப் புட்டி போட்டுத் தேய்த்தால் அச்சுக்கு அது தாராளம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட், பிரேக் சம்பந்தப்பட்ட பாகங்கள், ஆளின் பாரத்தைத் தாங்கும் பாகங்கள் ஆகியவற்றை இந்த முறையில் பிரதி எடுக்காதீர்கள். கவர், மட்கார்ட், லைட்டைச் சுற்றி வரும் மூடி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாகத்தை மேசையில் வைத்து, நேர் மேலே இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பக்கச் சுவர்கள் எல்லாம் கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் அச்சு நேராக மேலே கழன்று வரும். பேக்கரியில் பாண் வேகும் தகரம் வாய்ப்பக்கம் அகன்றும் அடிப்பக்கம் ஒடுங்கியும் இருக்கிறதே, அதே காரணம்தான். எந்த இடத்திலாவது சுவர் உள்ளே மடங்கிப் போனால் அந்த இடம் கொக்கி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அப்படியான பாகத்துக்கு அச்சை இரண்டு, மூன்று துண்டாக எடுத்து போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாம், ஒரே துண்டில் கழலக்கூடிய பாகமாகப் பாருங்கள்.

கவரின் பின்பக்கத்தில் இருக்கும் காதுகளும் முளைகளும் அச்சில் வராது. அவற்றைத் தனியாகச் செய்து பிரதியின் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். அவை எங்கே, எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று இப்போதே ஒரு மட்டையில் அளந்து கீறி வையுங்கள். பிறகு அளக்கலாம் என்று விட்டு, பூட்டும் நாளில் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாகம் என்ன பொருளால் ஆனது என்பதும் முக்கியம். பொலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. அது ரெஜிபோமைக் கண் முன்னாலேயே கரைத்துவிடும். மோட்டார் சைக்கிள் கவர்கள் பலவும் செய்யப்படுகிற ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் மெல்ல அரிக்கும். ஸ்ப்ரே கேனில் அடித்த சாதாரணப் பெயின்ட் சுருங்கி எழும்பிவிடும். ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இரண்டு பகுதிப் பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தால் தாங்கும். என்ன பெயின்ட் என்று தெரியாவிட்டால் பின்பக்கத்தில் ஒரு மூலையில் ஒரு சொட்டு ரெசினை ஹார்ட்னர் கலக்காமல் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மென்மையாகியிருந்தால் அந்தப் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு பகுதிப் பெயின்ட் அடித்து, ஒரு கிழமை காய விட வேண்டும்.

மேற்பரப்பு

அச்சு எதையும் மன்னிக்காது. ஒரிஜினலில் இருக்கும் தலைமுடி அளவுக் கீறல் அச்சிலும் வரும், அச்சில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு பிரதியிலும் வரும். இங்கே ஒரு மணித்தியாலம் தேய்த்தால் பிறகு ஒவ்வொரு கவரிலும் ஒரு மணித்தியாலம் மிச்சம்.

வோட்டர் பேப்பரில் 400, 800, 1200 என்று ஏறிப் போங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் கவரைக் கழுவுங்கள். கழுவாவிட்டால் முந்தின தாளின் மணல் அடுத்த தாளின் கீழே மாட்டிக்கொண்டு புதுக் கோடு போடும். பிறகு சிலிக்கோன் கலக்காத கட்டிங் பேஸ்டால் பளபளப்பு ஏற்றுங்கள். டியூப் லைட்டின் கீழே கவரைப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் வெளிச்சக் கோடு நெளியாமல் ஓட வேண்டும். நெளிகிற இடத்தில் பள்ளமோ மேடோ இருக்கிறது.

கம்பனிச் சின்னத்துக்கான ஓட்டைகளை பிளாஸ்டிசின் வைத்து மட்டமாக அடையுங்கள். சின்னத்தையே அச்சில் பதிக்க வேண்டாம்.

விளிம்புப் பலகை

அச்சின் ஓரத்தைச் சுற்றி ஒரு தட்டையான விளிம்பு வேண்டும். அது அச்சுக்குப் பலம் தரும், பிரதியின் ஓரத்தை நேராக வெட்ட இடம் தரும், பிறகு ஆப்பு வைத்துக் கழற்றவும் அதுவே பிடி. பழைய மேசைத் தட்டு மாதிரியான வழுவழுப்பான மெலமைன் பலகை போதும். அதன் மேல் கவரைக் கவிழ்த்து வைத்து, கீழே கட்டை கொடுத்து ஆடாமல் ஒட்டுங்கள். சுற்றிவர குறைந்தது 5 சென்டிமீட்டர் விளிம்பு விடுங்கள்.

கவரும் பலகையும் சேரும் இடத்தில் இருக்கும் இடைவெளியை பிளாஸ்டிசின் நூலாகத் திரித்து வைத்து அடையுங்கள். காலாவதியான ஒரு போன் கார்டின் மூலையால் இழுத்துச் சுத்தம் செய்தால் கூர்மையான, சுத்தமான கோடு கிடைக்கும். இந்தக் கோடுதான் நாளைக்கு உங்கள் கவரின் ஓரம். அதனால் முழங்காலில் நின்று, கண் மட்டத்தில் வைத்துச் செய்யுங்கள்.

வெக்ஸ்: இங்கேதான் நான் இழந்தேன்

அச்சு ஒரிஜினலோடு ஒட்டாமல் இருக்கப் பூசுவதுதான் வெக்ஸ். அச்சுக்கென்று செய்த ரிலீஸ் வெக்ஸ் கேட்டு வாங்குங்கள். கார் மினுக்கும் பொலிஷ் வேண்டாம். அதில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். அச்சின் முகமாக முதலில் பூசும் தடித்த ரெசினான ஜெல்கோட் அதன் மேல் பரவாமல் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும், ரெசினின் சூட்டையும் அது தாங்காது.

நான் இரண்டாவதாக எடுத்த அச்சு, நண்பன் ஒருவனின் அப்பா வைத்திருந்த மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் மூடி. அவர் இறந்த பிறகு வண்டியைத் திருத்தி வைக்க அவன் ஆசைப்பட்டான். ரிலீஸ் வெக்ஸ் முடிந்திருந்தது, கடையும் பூட்டு. வீட்டில் இருந்த கார் பொலிஷை மூன்று தடவை பூசினேன். இரண்டு நாள் கழித்துக் கழற்றப் போனால் ஒரு பக்கம் மட்டும் எழும்பியது. மறுபக்கம் ஆப்பு வைக்க வைக்க ஒரு முறிகிற சத்தம். கடைசியில் அச்சை கிரைண்டரால் அறுத்துத்தான் மூடியை எடுத்தேன். அதன் முகத்தில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்டும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து உரிந்து போயிருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூடியைத் திருத்திக் கொடுக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு வெக்ஸ் விஷயத்தில் நான் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை.

முறை இதுதான். மெல்லிய துணியில் கொஞ்சமாக எடுத்து வட்ட வட்டமாகப் பூசுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் புகை படிந்த மாதிரி மங்கும். அப்போது சுத்தமான பருத்தித் துணியால் துடைத்து மினுக்குங்கள். ஒரு மணித்தியாலம் விட்டு அடுத்த பூச்சு. புது ஒரிஜினலுக்கு நான் ஆறு தடவை போடுவேன். ஐந்துக்குக் குறைய வேண்டாம். விளிம்புப் பலகைக்கும் அதே எண்ணிக்கை. பூசிய வெக்ஸைத் துடைக்காமல் மூலையில் விட்டால் அதுவும் அச்சில் கோடாகப் பதியும், மூலைகளை மறக்காதீர்கள்.

வெக்ஸுக்கு மேலே பிவிஏ என்கிற திரவம். இங்கே பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையையும் பிவிஏ என்பார்கள். அது வேறு சாமான், ஒட்டுவதற்கு. நமக்கு வேண்டியது பொலிவைனைல் அல்கஹோல். தண்ணீரில் கரையும், காய்ந்தால் மெல்லிய படலமாக நிற்கும். கடையில் பைபர் அச்சுக்கு ரிலீஸ் என்று சொல்லிக் கேளுங்கள். நுண்ணிய ஸ்பொஞ்சால் ஒரே திசையில் மெல்லிசாக இழுத்துவிடலாம். ஸ்ப்ரே கன் இருந்தால் பனி விழுகிற மாதிரி இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. வழிய விட்டால் அந்த வழிசலும் பதியும். காற்று உலர்ந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் காயும். மழைக்காலக் கொழும்பில் அதைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். விரல் நுனியால் பலகையில் ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டக் கூடாது. அதற்குப் பிறகு கவரைத் தொடவே வேண்டாம். வியர்வைக் கை பட்டால் படலம் கரைந்துவிடும்.

இடமும் நாளும்

கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி இந்த வேலைக்கு நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மழை இறங்கும். மழைக்காலத்தில் செய்யவே முடியாது என்றில்லை. காலையில் தொடங்கி மதியத்துக்குள் ஈர வேலையை முடித்துவிடுங்கள். பைபர் மேட்டை, அதாவது கண்ணாடி நார் விரிப்பை, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டிக்குள் வையுங்கள். ஈரம் குடித்த மேட் ரெசினில் நனைந்தாலும் பால் கலந்த மாதிரி வெளிறியே நிற்கும், பலமும் வராது.

வெள்ளவத்தை மாடி வீட்டின் பல்கனியில் செய்யலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். ஸ்டைரீன் வாடை நாலு வீடு தாண்டிப் போகும், அந்த வீடுகளில் குழந்தைகள் இருப்பார்கள். காற்றோட்டமான, நிழலான, அடுப்பும் சிகரட்டும் இல்லாத திறந்த கொட்டில் வேண்டும். நேர் வெயிலும் கூடாது, ரெசின் கோப்பையிலேயே இறுகிவிடும்.

கையுறை, கண்ணாடி, அப்புறம் போத்தல்கள்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ஹார்ட்னர் என்று நாம் சொல்லும் தெளிந்த திரவம் எம்இகேபி என்ற பெரொக்சைட். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலமாவது கழுவி, உடனே கண் வைத்தியரிடம் ஓடுங்கள். அதனால் தண்ணீர்க் குழாய் எங்கே, வழியில் தட்டுப்பட ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

சில கடைகளில் ரெசினோடு கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவத்தையும் தனிப் போத்தலில் தருவார்கள். அது வேகமூட்டி. கோபால்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் போட்டு முழுக்கக் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னர். இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், ஒரே கரண்டியைப் பாவிக்காதீர்கள். முடியுமானால் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகவே கேட்டு வாங்குங்கள். தொடங்குபவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

மூக்குக்கு, தூசு தடுக்கும் வெள்ளை மாஸ்க் ரெசின் வாடையைத் தடுக்காது. கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். காய்ந்த பைபரை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தூசு மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும். தோலில் நார் ஏறி அரித்தால் சொறியாமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

தூரிகை கழுவும் அசிட்டோன் மிக இலகுவில் தீப்பிடிக்கும். மிஞ்சிய ரெசினைக் காணுக்குள் ஊற்றாதீர்கள். ஹார்ட்னர் விட்டுத் திறந்த வெளியில் இறுக விட்டு, ஆறிய பிறகு எறியுங்கள்.

எவ்வளவு வாங்குவது

30க்கு 25 சென்டிமீட்டர் கவர் என்றால் விளிம்போடு சேர்த்து 40க்கு 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 0.14 சதுர மீட்டர். ஜெல்கோட் ஒரு பூச்சு அரை மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 600 கிராம் பிடிக்கும். இரண்டு பூச்சுக்கு 170 கிராம் வரும், தூரிகையில் போவதையும் சேர்த்து 200 என்று எடுங்கள். மேட் வாங்கும்போது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்பார்கள். 300 கிராம் மேட்டில் ஒரு அடுக்கு, 450 கிராம் மேட்டில் நாலு அடுக்கு. மொத்தம் சுமார் 300 கிராம் மேட். ரெசின் மேட்டின் எடையில் இரண்டரை மடங்கு, வீணாவதோடு ஒரு கிலோ. 450 மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பு தரும். ஆக அச்சு 5 மில்லிமீட்டருக்குக் கிட்ட வரும், இந்த அளவுக் கவருக்கு அது போதும்.

தூரிகை, பலகை, வோட்டர் பேப்பர் எல்லாம் பழைய சோனகத் தெருவில் ஒரு நடை நடந்தால் வாங்கலாம். ரெசினையும் ஜெல்கோட்டையும் மட்டும் நாள்பட்டதாக வாங்காதீர்கள். நம் சூட்டில் அது தகரத்துக்குள்ளேயே பழுதாகும். தகரத்தை ஆட்டிப் பார்த்து, குழம்பு மாதிரிக் கட்டி தட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜெல்கோட் கேட்கும்போது அச்சுக்கான ஜெல்கோட் என்று அழுத்திச் சொல்லுங்கள். அது சாதாரணத்தைவிடக் கடினம், பளபளப்பு நீடிக்கும். கறுப்பிலோ கடும் பச்சையிலோ வரும். பிறகு வெள்ளைப் பிரதி எடுக்கும்போது எங்கே பூச்சு மெல்லிசு என்று அந்த நிறத்தில் உடனே தெரியும்.

ஜெல்கோட்

முதலில் ஒரு சோதனை. 50 கிராம் ஜெல்கோட்டில் ஊசி இல்லாத சிரிஞ்சால் ஹார்ட்னர் விட்டு, எத்தனை நிமிடத்தில் இறுகத் தொடங்குகிறது என்று பாருங்கள். வழக்கமான அளவு 2 சதவீதம் வரை. நம் 30 பாகைச் சூட்டில் நான் 1.5 சதவீதம் விடுவேன், அதாவது 100 கிராமுக்கு 1.5 மில்லிலீட்டர். 1 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். நேரம் கிடைக்கிறது என்று ஹார்ட்னரைக் குறைத்தால் அது ஒரு நாளும் முழுசாகக் காயாது.

கோப்பையின் அடியும் ஓரமும் சுரண்டி ஒரு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழ் ஏறும். மென்மையான தூரிகையால் தடிப்பாக, இழுக்காமல், மெல்ல விரித்து வையுங்கள். பெயின்ட் அடிக்கிற மாதிரித் தேய்த்தால் பிவிஏ படலம் கிழியும். முதலில் மூலைகள், கூரான இடங்கள், பிறகு சமதளம்.

அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டதா என்று அறிவதை எனக்குக் காட்டித் தந்தவர் மட்டக்குளியில் பைபர் படகு கட்டும் ஒரு பாஸ். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. புறங்கை விரலை மடக்கி ஜெல்கோட்டின் ஓரத்தில் தொட்டு எடுத்தார். "ஒட்டுதா? ஒட்டுது. கையில கலர் வந்திச்சா? வரல்ல. இப்ப போடலாம் தம்பி." அவ்வளவுதான். பிசுபிசுப்பு இருக்க வேண்டும், நிறம் விரலில் வரக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே மேலே போட்டால், அல்லது முதல் பூச்சு மெல்லிசாக இருந்தால், மேலே வரும் ரெசினின் ஸ்டைரீன் கீழே இறங்கி ஜெல்கோட்டை ஊறவைத்துச் சுருக்கிவிடும். முதலைத் தோல் மாதிரி சுருக்கம் சுருக்கமாக எழும்பும். அப்படி ஆனால் திருத்த வழியில்லை, கழுவி முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

இரண்டாவது பூச்சை முதலாவதற்குக் குறுக்குத் திசையில் போடுங்கள். மறுபடி விரல் சோதனை. பிறகு மேட்.

மேட் போடுவது

மேட்டைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் பஞ்சு மாதிரி இருக்கும், அடுத்த துண்டோடு தெரியாமல் சேரும். ரெசின் கலக்க முன்பே எல்லாத் துண்டும் கிழித்து வரிசையாக அடுக்கி வையுங்கள். ரெசினை ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். ஆழமான கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். அகலமான, ஆழமில்லாத தட்டு நல்லது. எனக்கு 12 முதல் 18 நிமிட வேலை நேரம் கிடைத்தால் வசதி.

கூர் மூலைகளில் மேட் வளையாது, அதற்குக் கீழே காற்று தங்கும். பிறகு அச்சைப் பாவிக்கும்போது அந்த இடத்தில் ஜெல்கோட் முட்டை ஓடு மாதிரி உடைந்து விழும். அதனால் ரெசினில் டல்கம் மாவும் சிறு நார்த் துண்டுகளும் குழைத்து, மூலைகளில் முதலில் தடவி வட்டமாக்குங்கள்.

சரி, இப்போது ஜெல்கோட் மேல் ஒரு பூச்சு ரெசின், அதன் மேல் 300 மேட், தூரிகையால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுக்க வேண்டாம், மேட் கலைந்துவிடும். நாரைப் பிடித்திருக்கும் பசை கரைய ஓரிரு நிமிடம் எடுக்கும். பொறுத்திருந்தால் மேட் தானாக மெத்தென்று பாகத்தின் உருவத்துக்குப் படியும், வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரித் தெளியும். எங்கே வெள்ளைப் புள்ளி நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. வரி போட்ட இரும்பு ரோலரால் ஓரத்தை நோக்கி உருட்டி வெளியேற்றுங்கள். ரெசின் தேங்கி நின்றால் அதுவும் நல்லதில்லை, வறண்ட தூரிகையால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இந்த முதல் அடுக்கை மட்டும் போட்டுவிட்டு இரவு முழுக்க விடுங்கள். எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போட ஆசை வரும். பொலியெஸ்டர் இறுகும்போது சூடாகிச் சுருங்கும். தடிப்பாக ஒரே தடவை போட்டால் அந்தச் சுருக்கம் பாகத்தின் முகத்தை இழுத்து, நாரின் கோலம் பளபளப்பில் தெரிய வைக்கும். அடுத்த நாள் காலை குமிழ் ஏதும் இருந்தால் குத்தித் திறந்து, லேசாகத் தேய்த்து, தூசு துடைத்து, இரண்டு அடுக்கு 450. பின்னேரம் அல்லது மறுநாள் மற்ற இரண்டு.

ஓரத்தில் தொங்கும் மேட்டை வெட்ட ஒரு நல்ல நேரம் உண்டு. ரெசின் இறுகியும் இறுகாமலும் தோல் செருப்பு மாதிரி இருக்கும் நேரத்தில் கூரான கத்தி வெண்ணெயில் போகிற மாதிரிப் போகும். அதைத் தவறவிட்டால் கிரைண்டரும் தூசும்தான்.

முதுகு பலமாக இருக்க, எல்லாம் காய்ந்த பிறகு மட்டையை மடித்தோ மெல்லிய மரச் சட்டம் வைத்தோ அதன் மேல் ஒரு அடுக்கு மேட் போடுங்கள். மேசையில் ஆடாமல் நிற்கிற மாதிரி இரண்டு கால் அமைந்தால் பிறகு வேலை செய்ய இலகு. ஈரமான அச்சின் மேல் சட்டம் வைத்தால் அதன் கோடும் முகத்தில் பதியும் என்பதால்தான் காய விடச் சொல்கிறேன்.

கழற்றுவது

குறைந்தது இரண்டு நாள். நான் ஒரு கிழமை விடுவேன். ஒரிஜினல் உள்ளே இருக்கும் வரை அச்சு அதன் உருவத்திலேயே நின்று இறுகும்.

முதலில் விளிம்புப் பலகையைக் கழற்றுங்கள். அச்சின் விளிம்பை லேசாகத் தேய்த்து, கவரின் ஓரக் கோடு தெரிகிற மாதிரிச் செய்யுங்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மெல்லிய ஆப்புகளைச் சுற்றிவர வையுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம். ஒரே இடத்தில் அழுத்தாமல் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக. இடைவெளி திறந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள். பிவிஏ கரைந்து வழி விடும். ரப்பர் சுத்தியலால் அச்சின் முதுகில் மெல்லத் தட்டினால் உள்ளே சத்தம் மாறுவது கேட்கும். ஒட்டியிருக்கும் இடம் கட்டையாக ஒலிக்கும், விட்ட இடம் வெறுமையாக ஒலிக்கும். அந்தச் சத்தத்தைப் பின்பற்றிப் போங்கள். வரவில்லை என்றால் தண்ணீரை நிரப்பி இரவு விட்டு, காலையில் பாருங்கள். பலத்தால் எடுக்கப் போகாதீர்கள்.

கவர் வெளியே வந்ததும் முதலில் அதைக் கழுவித் துடைத்து, கீறல் இல்லை என்று பார்த்து, வந்த பத்திரிகையிலேயே சுற்றிப் பாதுகாப்பாக வையுங்கள். அச்சை அப்புறம் பார்க்கலாம்.

அச்சைப் பாவிக்க முன்

தண்ணீரால் பிவிஏயைக் கழுவுங்கள். சின்னக் குமிழ் ஓட்டைகளை அதே ஜெல்கோட்டால் அடைத்து, 800, 1200, 1500 வோட்டர் பேப்பரில் தேய்த்து மினுக்குங்கள். பிறகு மறுபடி ஆறு தடவை வெக்ஸ். முதல் மூன்று நாலு பிரதிக்கு பிவிஏயும் போடுங்கள். புது அச்சு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதற்குப் பிறகு வெக்ஸ் மட்டும் போதும்.

பிரதிக்குச் சாதாரண ஜெல்கோட் ஒரு பூச்சு, 300 மேட் ஒன்று, 450 மேட் ஒன்று. அடுத்த நாள் கழற்றி, ஓரக் கோட்டில் வெட்டி, நீங்கள் மட்டையில் கீறி வைத்த அளவில் காதுகளை ஒட்டுங்கள்.

அச்சை வைக்கும்போது உள்ளே ஒரு பிரதியை விட்டே வையுங்கள். அப்படி வைத்தால் வளையாது, முகத்தில் தூசும் படியாது. தகரக் கூரைக்குக் கீழே மேல் தட்டில் அடுக்கினால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும், கீழ்த் தட்டில் தட்டையாகக் கிடக்கட்டும். பின்பக்கத்தில் எந்த வண்டி, எந்தப் பக்கம், எடுத்த திகதி, கடைசியாக வெக்ஸ் போட்டது எப்போது, இதுவரை எத்தனை பிரதி என்று பெயின்ட் பேனையால் எழுதி வைக்கிறேன். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் பத்திரிகைப் பொதியோடு வரும்போது, இடது பக்கக் கவர் ஏற்கெனவே தட்டில் இருக்கிறது என்று சொல்ல முடிகிறது.